பொட்டலத்தின் வெள்ளைப் பக்கம்

டிசம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை, சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில், அவள் கவிதை வட்டத்தை விட்டு வெளியேறினாள். வெறுங்கையோடு வெளியேறவில்லை. அதுவரை உட்கார்ந்திருந்த நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

நாற்காலி அவளுடையதுதான். நூலகத்தின் மாடி அறையை வட்டத்துக்கு இலவசமாக விட்டிருந்தார்கள், அறையை மட்டும். உட்கார வேண்டுமானால் அவரவர் நாற்காலியை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். அவளுடையது நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பக்கத்துக் கை லேசாக வெடித்திருக்கும். அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அவள் படியிறங்கி வந்ததைப் பார்த்து, கீழே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் மாடியில் கூரை ஒழுகுகிறதோ என்று நினைத்தார்கள்.

பேருந்தில் கூட்டம். நடத்துனர் நாற்காலிக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். எடுத்தாள். எடுத்த கையோடு நாற்காலியை நடுவழியில் போட்டு அதிலேயே உட்கார்ந்தாள். டிக்கெட் கொடுத்த பிறகு எழுந்திருக்கச் சொல்ல நடத்துனருக்கும் நியாயம் கிடைக்கவில்லை. வீடு வரும்வரை அவள் கோபமும் அவளோடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டே வந்தது.

வட்டத்தின் தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய அத்தான். அக்கா வீட்டுக்காரர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதுகை மோனை இல்லாமல் தும்மக்கூட மாட்டார் என்று வட்டத்தில் அவர் காதுபடாமல் சொல்லிக்கொள்வார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் யாருடைய காகிதம் கைக்கு வந்தாலும் பேனாவைத் திறந்துவிடுவார். கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருத்தித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

வட்டம் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு தொகுப்பு போடும். அன்று சாயங்காலமே ஒரு மண்டபத்தில் அதை வெளியிட்டு, எழுதியவர்கள் மேடையேறிப் படிப்பார்கள். அந்த வருஷத் தலைப்பு, கிறிஸ்துமஸ் ஓசைகள். தலைப்பைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. இதுவரை நிலா, மழை, அன்னை என்று கொடுத்த தலைப்புகளுக்கெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருந்தாள். இது அவள் பேட்டை. டிசம்பர் மாதத்து ஓசையைப் பற்றி அவளைவிட யார் எழுதிவிட முடியும்?

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில், நகரும் படிக்கட்டின் அடியில், பரிசுப் பொட்டலம் கட்டும் மேசையில். மற்ற மாதங்களில் பிறந்தநாளும் கல்யாணமுமாக மெதுவாக ஓடும் மேசை அது. டிசம்பர் பிறந்ததும் வரிசை படிக்கட்டைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை போகும். தலைக்கு மேலே ஒலிபெருக்கி. அதே பாட்டுகள், அதே வரிசையில், காலையிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை. முதல் வாரத்தில் பாட்டு கேட்கும். இரண்டாவது வாரத்தில் தலை வலிக்கும். மூன்றாவது வாரத்தில் பாட்டு காதை விட்டே கழன்று போய்விடும், அதற்கு அடியில் கிடக்கும் மற்ற சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வரும். டேப் சுருளை இழுக்கும்போது வரும் கத்தல். கத்திரியின் முதுகில் ரிப்பனைச் சுருட்டும்போது வரும் சீறல். விலை ஒட்டியதைச் சுரண்டும் நகம். அந்த மூன்றாவது வாரத்தில்தான், பல வருஷமாக, அவள் கவிதை எழுதிவந்தாள்.

மேசையில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். கையில் கத்திரி இருப்பதால் வைத்த பெயரில்லை, அது எல்லோர் கையிலும்தான் இருந்தது. வாயால் வெட்டுவாள் என்பதால் வைத்தது. வைத்தவள் பக்கத்து மேசைக்காரி. அவளுக்கு ரேடியோ என்று இவள் பெயர் வைத்திருந்தாள், அணைக்கவே முடியாது என்பதால். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்று வளர்த்ததெல்லாம் ஒருவர் கதை மற்றவருக்கு மனப்பாடம்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான். அத்தான் தொகுப்புக்கு வந்த கவிதைகளை ஒவ்வொன்றாக எழுந்து நின்று படித்தார். ஒரு இடத்தில் குரலை ஏற்றி,

மணியோசை கேட்குதே, மனமெல்லாம் பூக்குதே,
வானதூதர் சிறகசைய வையமெல்லாம் இனிக்குதே

என்று ராகம் போட்டுப் படித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் மரியாதைக்குத் தலையாட்டினாள். முடித்துவிட்டு அவர் எழுதியவர் பெயரைச் சொன்னார். அது அவள் பெயர்.

கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்துவிட்டாள். "அத்தான், இது நான் எழுதினது இல்ல."

"உன்னோடதுதாம்மா. கொஞ்சம் மெருகு போட்டிருக்கேன்."

தான் எழுதியிருந்த டேப் எங்கே போயிற்று, தள்ளுவண்டி எங்கே போயிற்று என்று கேட்டாள். கிறிஸ்துமஸ் ஓசை என்றால் படிப்பவர் மனதில் மணி அடிக்க வேண்டும், டேப் கிழியக் கூடாது என்று அவர் விளக்கினார். குரலில் கோபமே இல்லை, கடன் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிற பழைய கனிவு. அவள் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். பக்கம் கோர்த்து அச்சுக்குப் போய்விட்டது, பெயரை எடுத்தால் அந்த இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று அவர் சிரித்தார்.

"உங்க பேரைப் போடுங்க. உங்க மணிதானே அடிக்குது."

அறையில் ஒருவர் இருமினார். அதற்குப் பிறகுதான் நாற்காலி.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். அவள் அழவில்லை, அழுவதற்கு முந்தின குரலை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பெரியவர் என்ற மரியாதை வேண்டாமா, நாலு பேர் முன்னால் அப்படியா பேசுவது, அவர் ராத்திரி சாப்பிடவே இல்லை என்றாள்.

"பசிச்சா சாப்பிடுவார்க்கா."

"உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்டி."

"பேரை எடுக்கச் சொல்லு. நாற்காலியோட திரும்பி வரேன்."

அக்கா போனை வைத்துவிட்டாள். லிஃப்ட் பழுது பார்க்கப் போவதற்காகக் கருவிப் பையை அடுக்கிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர், அத்தான் போட்ட கவிதையைத் தனக்கும் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினாள். நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, லிஃப்டில் வைக்கும் பாட்டு மாதிரி இருக்கிறது என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்று அவருக்கு இரண்டாவது டீ கிடைத்தது.

ஆனால் கோபம் ஆறிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வட்டம் போய்விட்டது. இனி எழுதுவதை யார் கேட்பது? ரேடியோ கேட்பாள், கேட்டுக்கொண்டே தன் மாமியார் கதையைச் சொல்வாள். வீட்டுக்காரர் கேட்பார், தூங்கிவிடுவார். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அச்சாகப் போவது அந்த மணிதான். அதைப் படிக்கிற நூறு பேருக்கு, அவள் காது கேட்டது அதைத்தான் என்று ஆகிவிடும்.

பொட்டலம் கட்டும் காகிதத்துக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் தங்கமும் சிவப்பும். இன்னொரு பக்கம் வெறும் வெள்ளை. காகிதத்தை வெள்ளைப் பக்கம் மேலே தெரிய விரித்து, பெட்டியை அதன் நடுவில் கவிழ்த்து வைத்து, இரண்டு பக்கமும் தூக்கி மடித்து ஒட்ட வேண்டும். மடித்த பிறகு அந்த வெள்ளையை யாரும் பார்க்கப் போவதில்லை, பிரிக்கிறவரைத் தவிர. காலையில் கடை திறந்து கூட்டம் வருவதற்கு முன் வழக்கமான அளவுகளில் தாள்களை வெட்டி அடுக்கி வைத்துக்கொள்வார்கள். அந்தத் திங்கட்கிழமை வெட்டி அடுக்கியபோது, காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மேலே கிடந்த தாளின் நடுவில் அவள் நாலு வரி எழுதினாள். பிறகு அடுத்த தாளில் வேறு நாலு வரி.

ரேடியோ எட்டிப் பார்த்தாள். "என்னடி, லவ் லெட்டரா?"

"ஆமா. ஊருக்கெல்லாம்."

வீட்டுக்காரருக்கு இது பிடிபடவில்லை. பொட்டலம் பிரிக்கிறவர்கள் காகிதத்தைப் படிப்பார்களா, கிழித்து எறிவார்கள் என்றார். கிழிப்பதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறதே, அது போதும் என்றாள். அன்றிலிருந்து அவள் கட்டிய பொட்டலங்களில் பாதிக்கு மேல் எதையாவது வயிற்றில் சுமந்துகொண்டுதான் வெளியே போயின. முதுகு வலித்தது, ஆனால் வரிசையைப் பார்த்தால் எரிச்சல் வருவது நின்றுவிட்டது. ஆளைப் பார்த்து வரியைத் தேர்ந்தெடுக்கக்கூட ஆரம்பித்தாள். சண்டை போட்டுக்கொண்டே வந்த புருஷன் பெண்டாட்டிக்கு ரிப்பன் சீறும் வரி. தனியாக வந்து தனக்கே ஒரு பரிசு வாங்கிக் கட்டச் சொன்ன கிழவருக்கு, பெட்டி மூடும் வரி.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது விஷயம் வெளியே வந்தது. தங்கமும் சிவப்பும் வேண்டாம், வெள்ளையில்தான் கட்ட வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. வெள்ளைச் சுருள் தீர்ந்துவிட்டால் மேசைக்காரர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். சாதாரணத் தாளையே திருப்பிப் போட்டு, வெள்ளை வெளியே வரக் கட்டிவிடுவார்கள். யாருக்கும் தெரியாது. அன்று ரேடியோவிடம் வெள்ளை தீர்ந்தது. கை எட்டிய தூரத்தில் இருந்த கத்திரியின் அடுக்கிலிருந்து ஒரு தாளை, பேச்சு மும்முரத்தில் பார்க்காமலே உருவித் திருப்பிப் போட்டாள். வாடிக்கையாளர் ரிப்பன்கூட வேண்டாம், நேரமில்லை என்று பறந்தார். கவிழ்த்துக் கட்டிய பெட்டியைக் கவிழ்த்தபடியே பைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டு, ரேடியோ தன் மாமியார் கதையைத் தொடர்ந்தாள்.

அந்த மனிதர் அதைத் தன் மேலதிகாரிக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார், ஆட்கள் நிறைந்த அறையில். அதிகாரி பையிலிருந்து எடுத்து நிமிர்த்தினார். பளிச்சென்ற வெள்ளையின் நடுவில்,

குலுக்கிப் பார்த்தேன்.
உள்ளே இருக்கும் பொருள்
சத்தமே போடவில்லை.
விலைதான் சத்தம் போட்டது.

மறுநாள் கடை திறக்கும்போதே அந்த வாடிக்கையாளர் வாசலில் நின்றார்.

தள மேலாளர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். வயதில் அவர்களைவிடச் சின்னவர், டை கட்டியவர், டிசம்பரில் மட்டும் நரைப்பவர். ரேடியோ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக வாயடைத்து நின்றாள். கத்திரி அவளுக்கு முன்னால் ஒரு அடி எடுத்து வைத்து, எழுதியது நான்தான் என்றாள். எத்தனை பொட்டலத்தில் என்று கேட்டார். எண்ணவில்லை என்றாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, ஒரு தாளை நீட்டி, தவறுதலாக நடந்துவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதோடு முடிந்துவிடும் என்றார்.

"மடிப்பு தப்பு சார். அதுக்கு எழுதித் தரேன். வரி தப்பில்ல. அதுக்கு எழுதித் தர மாட்டேன்."

வரியையும் மடிப்பையும் யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் சலித்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். எழுத வருகிறது உனக்கு, அது தெரிகிறது, இந்த மாதிரி இல்லாமல் மணி, நட்சத்திரம் என்று நல்லதாக நாலு வரி கொடு, எல்லாப் பொட்டலத்திலும் கடையே அச்சடித்து ஒட்டும், உன் பெயரையும் போடச் சொல்கிறேன் என்றார். உண்மையாகவே நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார்.

"மணிக்குத் தனி ஆள் இருக்கார் சார். நம்பர் தரட்டுமா?"

அவளை மேசையிலிருந்து எடுத்து, நிலவறைக் கிடங்கில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒலிபெருக்கி இல்லை. மேலே ஓடும் பாட்டின் தாளம் மட்டும் கூரை வழியாக இறங்கி வந்தது. காலி பெட்டிகளைக் காலால் மிதித்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி மூச்சு விட்டது. கோபத்தில் மிதிக்க ஆரம்பித்தவள், சாப்பாட்டு நேரத்தில் பென்சிலைத் தேடினாள்.

கிறிஸ்துமஸ் அன்று கடை மத்தியானத்தோடு மூடியது. மண்டபத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அக்கா காலையில் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு நினைப்பு மாறியது. புத்தகத்தின் பக்கம் அது. மணியோசை. கீழே அவள் பெயர், தடித்த எழுத்தில். பார், எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று அக்கா எழுதியிருந்தாள். சமாதானத்துக்குத்தான் அனுப்பினாள், பாவம்.

மண்டபம் நிறைந்திருந்தது. ரேடியோவும் தன் பட்டாளத்தோடு வந்து பின்வரிசையைப் பிடித்திருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டு, அவர் வரவில்லை, அவர் சார்பில் நானே படிக்கிறேன் என்று அத்தான் ஒலிவாங்கியைச் சரிசெய்தபோது, அவள் பக்கவாட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. கோபம் தீர்ந்து வந்துவிட்டாள் என்று நினைத்து, புத்தகத்தை விரித்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை மூடி மேசைமேல் வைத்தாள்.

"இந்தப் புஸ்தகத்துல என் பேர் போட்டிருக்கிற கவிதை என்னோடது இல்ல. என்னோடது இதுதான்."

படித்தாள். ராகம் இல்லை, பொட்டலம் கட்டும் வேகத்தில் படித்தாள்.

டேப்பை இழுத்தால் அது கத்துகிறது.
அதற்குப் பிறகுதான் பெட்டி வாயை மூடுகிறது.

கத்திரி முதுகில் ரிப்பனை இழுத்தால்
ஒரு சீறல், ஒரு சுருள்.
அழகு என்கிறார்கள், சுருளை மட்டும்.

மேலே ஒலிபெருக்கியில் குழந்தை பிறக்கிறது.
கீழே தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று
முக்கி முக்கி முனகுகிறது.

ஷட்டர் இறங்கியதும் எல்லாம் நிற்கிறது.
அப்போதுதான் கேட்கிறது,
வீங்கிய கால் மேசைக்கடியில்
செருப்பைத் தேடும் ஓசை.

முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. முடிந்துவிட்டதா என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ரேடியோ தட்டினாள், ஒற்றை ஆளாக, வெட்கமே இல்லாமல், கை சிவக்க. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலர் சேர்ந்துகொண்டார்கள். சேராதவர்கள்தான் அதிகம். அத்தான் முகம் இறுகி, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் புத்தகம் விநியோகிக்கும் மேசைக்குப் பக்கத்தில், கையில் பேனாவோடு போய் நின்றுகொண்டாள். வெளியே வருகிறவர்களிடம் புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைப் புரட்டி, தன் பெயரை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். முதலில் இரண்டு பேர் திகைத்தார்கள். மூன்றாவது ஆள், எழுத்தாளர் கையெழுத்துப் போடுகிறார் என்று நினைத்துத் தானாகவே புத்தகத்தை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஒருவர் நின்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை உண்டாகி, மண்டபத்துத் தூணைச் சுற்றி வளைந்தது. ஒரு அம்மா, தன் பெண்ணின் பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொன்னார். பெயரை அடித்துவிட்டு, அந்தப் பெண்ணின் பெயரை எழுதி, கீழே செருப்பைத் தேடும் வரியையும் எழுதிக் கொடுத்தாள். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதையே செய்தாள். வரிசைகளை எப்படி ஓட்டுவது என்பது அவளுக்குக் கைவந்த கலை.

அக்கா வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். புத்தகத்தை நீட்டவில்லை.

"இந்த வருஷத்தோட வட்டம் உனக்குக் கிடையாதாம். சொல்லச் சொன்னார்."

"நான்தான் டிசம்பர் முதல் வாரமே வெளியே வந்துட்டேனேக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புருஷனோடு காரில் ஏறிப் போனாள். அதற்குப் பிறகு அத்தான் அவளோடு பேசவில்லை. அவளும் போய்ப் பேசவில்லை. விசேஷங்களில் ஒருவருக்கொருவர் தண்ணீர் டம்ளரை நகர்த்திக் கொடுப்பதோடு சரி.

கடையில் அவளுக்குப் பதிலாகப் போட்ட ஆள் கட்டிய பொட்டலங்களின் மூலைகள் வாயைப் பிளந்தன. பிப்ரவரி வாக்கில் மேலாளர் ஒன்றும் சொல்லாமல் அவளை மேசைக்குத் திரும்பக் கூப்பிட்டார். மேசைக்கு மேலே, காகிதத்தில் எதுவும் எழுதக் கூடாது என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அது காகிதத்தில்தானே எழுதியிருக்கிறது என்று ரேடியோ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி யோசித்தாள். கத்திரி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். இரண்டாவது வாரம் காதுக்குப் பின்னால் பென்சில் வந்துவிட்டது. பிறந்தநாள் பொட்டலங்களுக்கும் ஓசை உண்டு. வெள்ளைச் சுருள் தீர்கிற நாளில் மட்டும், ரேடியோ தாளைத் திருப்புவதற்கு முன்னால் குனிந்து பார்ப்பாள்.

மழைக்காலம் பாதி கடந்திருந்த ஒரு மத்தியானம், வாடிக்கையாளர்கள் குறை சொல்லும் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தள மேலாளர் தன் பங்குக்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் அவளுடைய போனுக்குத் தள்ளிவிட்டிருந்தார். மேசைக்குக் கீழே வைத்துப் படித்தாள்.

"வணக்கம். போன கிறிஸ்துமஸுக்கு உங்கள் கடையில் கட்டிய பரிசு ஒன்று எனக்கு வந்தது. நான் அப்போது முதல் பல மாதம் ஆஸ்பத்திரியில் இருந்ததால் யாரும் பிரிக்கவில்லை. போன வாரம்தான் பிரித்தேன். உள்ளே போர்வை இருந்தது, நன்றாக இருக்கிறது, நான் எழுதுவது அதைப் பற்றி இல்லை. காகிதத்தின் உள்பக்கம் தள்ளுவண்டிச் சக்கரம் முனகுவதைப் பற்றிப் பென்சிலில் எழுதியிருக்கிறது. நோயாளி இருக்கிற வீட்டில் இந்த மாதிரி வரியை வைத்துக்கொள்ளக் கூடாது, கிழித்துப் போடுங்கள் என்கிறார் என் மருமகன். நான் இருந்த வார்டிலும் அப்படி ஒரு வண்டி இருந்தது. காகிதத்தை பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். எழுதியவர் யாராக இருந்தாலும், அந்த வரியை மாற்ற வேண்டாம் என்று சொல்லவும். மருமகனை நான் பார்த்துக்கொள்கிறேன்."